மிஸ்டு கால் சிக்கனம்

கருவடிக்குப்பத்தில் எங்கள் எதிர்வீட்டுக்காரி மெகர், என் நெருங்கிய தோழி. அவள் மகள் இரண்டாம் வகுப்பு, என் மகன் யு.கே.ஜி.; ஒரே பள்ளி. செலவைக் குறைக்க ஆட்டோவை நிறுத்திவிட்டு, நாங்களே முறைவைத்துப் பிள்ளைகளை அழைத்துவந்தோம். செல்போனிலும் சிக்கனம்தான். ஒரு மிஸ்டு கால் வந்தால், 'பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டேன்' என்று அர்த்தம். இரண்டு வந்தால், 'என்னால் முடியவில்லை, நீ போ.'

அன்று மெகரின் முறை. பள்ளி விடும் நேரத்தில் ஒரு மிஸ்டு கால் வந்தது. நானும் நிம்மதியாக மாவரைக்கத் தொடங்கினேன். அரைத்து வழித்த பிறகும் பிள்ளைகளைக் காணோம். வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். கடைசியில் மெகர் மட்டும் தனியாக வந்தாள்.

"பசங்க எங்கடி?"

"நீங்க கூட்டியாரலையாக்கா? மாமியாருக்கு மயக்கம்னு ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டேன். ரெண்டு தடவ அடிச்சேனே!"

இரண்டாவது அழைப்பு எனக்கு வரவே இல்லை.

ஓடினோம். பள்ளி கேட் பூட்டியிருந்தது. வேறு தெரு வழியாகத் தேடிப் போனபோது, ஈ.சி.ஆர். நெடுஞ்சாலை ஓரத்தில் இருவரும் கைகோத்து நின்றிருந்தார்கள்.

"பஸ்ஸுங்க வந்துகிட்டே இருக்கும்மா, எப்படித் தாண்டுறது?" என்றாள் மெகரின் மகள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதது நான்தான்.

இப்போது எங்களுக்குள் மிஸ்டு கால் கிடையாது. காசு போனால் போகிறதென்று பேசிவிடுகிறோம். "கூட்டிக்கிட்டேன்க்கா" என்று மெகர் சொன்ன பிறகும், தெருமுனையில் பிள்ளைகள் தலை தெரியும்வரை என்னால் உட்கார முடிவதில்லை.

- ஒரு வாசகி, புதுச்சேரி