தலையைச் சீவாமல் வாருங்கள்

எங்கள் தொழிலில் உண்மை மாதத்துக்கு அரை அங்குலம் வளரும். மருந்து போட்டு எத்தனை முறை நேராக்கினாலும் உச்சந்தலையில் சுருட்டை திரும்ப எட்டிப் பார்க்கும். காலையில் அயர்ன் பண்ணிய தலை பஸ் ஸ்டாப் போய்ச் சேர்வதற்குள் உப்பிப்போகும் சுருட்டை முடிக்கார அன்பர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சிங்கப்பூர் லிட்டில் இந்தியா சலூன் ஒன்றில் நின்றபடியே பதினாறு வருஷம் ஓட்டிவிட்டேன். பெரும்பகுதி ரீபாண்டிங்கில், அதாவது சுருட்டையை நேராக்குவதில் போனது. என் தலையும் சுருட்டைதான். மூன்று வருஷத்துக்கு முன் அலுத்துப்போய், என் தலையை அதன் போக்கில் விட்டுவிட்டேன்.

அத்தை கொடுத்த முடி

புக்கிட் பாத்தோக் சுமதி கல்யாணத்துக்கு முன்பிருந்தே என் வாடிக்கை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரீபாண்டிங். வீட்டில் கேட்டால் 'ஹேர் ட்ரீட்மென்ட்' என்பாள். தஞ்சாவூர்க்காரக் கணவர் பெண் பார்க்க வந்த அன்று பார்த்ததே நேர் முடியைத்தான். மகள் நிலாவுக்குச் சுருள் சுருளாக முடி வந்தபோது, அது கணவரின் இறந்துபோன அத்தையின் முடி என்று குடும்பமே முடிவு கட்டியது. சுமதி வாயைத் திறக்கவில்லை.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை, ஆறு வயது நிலாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பள்ளியில் யாரோ 'மீ கோரெங் மண்டை', அதாவது நூடுல்ஸ் தலை, என்றார்களாம். தனக்கும் நேராக்கச் சொல்லி ஒரே நச்சரிப்பு. உன் முடிக்கு என்னம்மா குறை என்று கேட்டேன். குழந்தை அழவெல்லாம் இல்லை. கணக்குக்கு விடை சொல்வதுபோலச் சொன்னாள்: "அம்மா முடிதான் ஆன்ட்டி கரெக்ட். எனக்கு மட்டும் தப்பா வந்துடுச்சு."

தலைவிரி கோலம்

சுமதியால் கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எனக்கும் வெட்கமாக இருந்தது. அந்தப் பொய்யில் பாதி என் கை செய்தது. வாயால் சொன்னால் நிலா நம்பமாட்டாள், வளர்த்தே காட்டுகிறேன் என்றாள் சுமதி. அன்று மருந்து வைக்காமலே அனுப்பினேன்.

அடுத்த முறைக்கு, தலையைச் சீவாமல், எண்ணெய் வைக்காமல், விரித்துவிட்டு வரச் சொல்லி மெசேஜ் போட்டேன். சீவிவிட்டால் சுருளின் போக்கு தெரியாது. ஆனால் நம் பெண்களிடம் இதைச் சொல்வது லேசான காரியமா? சாவு வீட்டில்தானே தலையை விரித்துப் போடுவோம். எம்ஆர்டி ரயிலில் தலையைக் குனிந்தபடியே வந்து சேர்ந்தவள், பையை வைத்ததும் சொன்னாள்: "ஒரு ஆன்ட்டி எழுந்து எனக்கு சீட் குடுத்துட்டு, வீட்ல யாரும்மா போயிட்டாங்கன்னு கேக்குறாங்க லா."

மேல் வீடும் கீழ் வீடும்

துண்டால் பரபரவென்று துவட்டாதே, பழைய பனியன் துணியால் ஒற்றி எடு, ஈரம் இருக்கும்போதே விரலால் கோதிவிடு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். முடியும் வளர்ந்தது. மேலே சுருட்டை, கீழே நேர். அந்தக் கோலத்தின் கஷ்டம் பட்டவர்களுக்குத்தான் தெரியும். ஏழாம் மாதம் தீபாவளி வந்தது. உறவுக்காரர்கள் எல்லோரும் வருவார்கள், பேசாமல் நேராக்கிவிடுங்கள் அக்கா என்று சுமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் மனசு இளகி, மருந்து டப்பாவைத் திறந்தே விட்டேன்.

பக்கத்து நாற்காலியில் வேலை செய்யும் தேவி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எதிலும் வீட்டுப் பேச்சுதான். அப்போது வாடகை வீடு தேடிக்கொண்டிருந்தாள். "மேல் வீட்டுக்காரங்க வீட்டு ஓனருங்க, கீழ் வீட்டுக்காரங்க வாடகைக்கு வந்தவங்க. யாரைம்மா காலி பண்ணச் சொல்றே?" என்றாள். சுமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் டப்பாவை மூடிவிட்டேன்.

கணவரின் புகார்

தீபாவளி முடிந்த வாரம் கணவர் தனியாக வந்தார். மரியாதையான மனிதர், செருப்பைக்கூட வாசலில் கழற்றப் போனார். மனைவியின் நேர் முடி உங்கள் மருந்தால் சுருண்டுபோய்விட்டது, மாற்று மருந்து உண்டா என்று கேட்டார். சொல்லவேண்டியவளுக்கே போன் போட்டு அவர் கையில் கொடுத்தேன். நின்றபடியே வெகுநேரம் கேட்டார். போனைத் திருப்பித் தந்தபோது கோபம் இல்லை, திகைப்புதான். "அப்ப இத்தனை வருஷமா செத்துப்போன எங்க அத்தை மேலயா மேடம் பழி போட்டுக்கிட்டு இருந்தோம்?"

கடைசி நேர் முடி

பதினோராம் மாதம் மிச்சமிருந்த நேர் முடியை முழுக்க வெட்டினேன். காதை மூடும் அளவுக்குத்தான் முடி நின்றது. ஆனால் அத்தனையும் சுருள். சுமதி கண்ணாடியைப் பார்க்கவில்லை, சோபாவில் இருந்த நிலாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைவிட நான்தான் அதிகம் பயந்தேன் என்று இப்போது சொல்லலாம்.

நிலா வந்து நாற்காலியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். அம்மாவின் காதோரச் சுருள் ஒன்றை இழுத்து விட்டாள். அது சுருண்டு பழைய இடத்துக்கே போனது. தன் தலையிலும் ஒன்றை இழுத்து விட்டுப் பார்த்தாள். பிறகு பெருமை தாங்காமல் கேட்டாள்: "அம்மா, உங்களுக்கும் என் முடி வந்துடுச்சா?"

தாயைப் போலப் பிள்ளை என்பது ஊர்ப் பழமொழி. பிள்ளையைப் போலத் தாய் ஆக வேண்டுமென்றால் எங்கள் கடையில் பதினோரு மாதம் பிடிக்கும்.