பல்சக்கரத்தில் குத்திய பொய்ப்புள்ளி

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஒற்று எங்கே வரும், பெரிய 'ற' எங்கே வரும் என்பதில் இன்றும் குழப்பம்தான். அண்ணனின் இந்த நினைவு மலரை அச்சிடும் அச்சுக்கூடத்தார் திருத்திப் போடுவதாகச் சொன்ன தைரியத்தில் எழுதுகிறேன். அதையும் மீறிப் பிழை இருந்தால் உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் நின்று பேச எனக்கு வராது. அண்ணனை அடக்கம் செய்த அன்று இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஆனால் அண்ணனுக்குச் சேர வேண்டிய ஒரு வார்த்தை இன்னும் சேரவில்லை. அதனால் எழுதியே தீர வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

அண்ணன் கம்பைநல்லூருக்குத் தெற்கே, வயல் நடுவே இருந்த எங்கள் கொல்லை வீட்டில் பிறந்தார். அப்பா சீக்கிரமே தவறிப்போனார். அம்மாவையும் என்னையும் அண்ணன்தான் காப்பாற்றினார். அப்பாவுக்கும் அவருடைய தம்பியான எங்கள் சித்தப்பாவுக்கும் நிலம் பிரிந்திருந்தது. கிணறு மட்டும் பொது. ஒருநாள் எங்கள் முறை, மறுநாள் சித்தப்பா முறை. ஒரு கோடை முழுவதும் தண்ணீர் இறைக்காத பங்காளிக்கு முறை போய்விடும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தக் கிணறு இல்லையென்றால் எங்களுக்குக் கரும்பு இல்லை, கஞ்சியும் இல்லை.

அறுபதுகளின் நடுவில் அண்ணன் கிணற்றிலிருந்து கவலைச் சாலில் தண்ணீர் இழுத்த மாடுகளை விற்றுவிட்டு, பழைய ஆயில் இன்ஜின் ஒன்றை வாங்கி வந்தார். சித்தப்பா வைத்திருந்ததும் அதே வகை இன்ஜின்தான். இரண்டு வருடம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு கோடையில் புகை கக்கத் தொடங்கியது, இழுவை குறைந்தது. அண்ணன் அதை மாட்டுக்கொட்டகையில் வைத்து முழுவதும் பிரித்தார். பிஸ்டன் ரிங்கு மாற்றி, சாப்டைத் தாங்குகிற தேய்ந்த புஷ் வளையங்களை மாற்றுவதற்காகக் கேம் சாப்டையும் வெளியே எடுத்தார்.

இன்ஜின் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உள்ளே கிராங்கில் ஒரு சிறிய பல்சக்கரம், கேம் சாப்டில் ஒரு பெரிய பல்சக்கரம். கேம் சுற்றுகிற கணக்கில்தான் வால்வுகள் திறந்து மூடும், டீசலும் பீய்ச்சும். இரண்டு சக்கரத்திலும் செய்கிற இடத்திலேயே புள்ளி குத்தி அனுப்புவார்கள். புள்ளியோடு புள்ளி சேர்த்து மாட்டினால் டைமிங் சரி. பல் முன்னால் தள்ளி மாட்டினால் டீசல் முந்திக்கொண்டு வெடித்து, மேலே ஏறிக்கொண்டிருக்கிற பிஸ்டனைத் திருப்பி அடித்துவிடும்.

சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவிச் சாக்கின் மேல் பரப்பி வைத்திருந்தோம். அன்று ஊர் மாதா கோயிலில் தேர். குடும்பத்தோடு எல்லாரும் போனோம். சித்தப்பா மட்டும் இடுப்பு வலி என்று சொல்லி வீட்டில் இருந்துவிட்டார்.

மறுநாள் அண்ணன் புள்ளி பார்த்துத்தான் சக்கரங்களை மாட்டினார். நானும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எல்லாவற்றையும் மூடி, ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். ஒரே ஒரு வெடி. ஹேண்டில் திருப்பி அடித்ததில் வலது மணிக்கட்டு முறிந்து எலும்பு வெளியே வந்துவிட்டது.

சில நாள் கழித்து, கையில் கட்டோடு அண்ணன் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தபோது சித்தப்பா வந்தார்.

“என்னாடா மேஸ்திரி, கை போச்சா?”

“புள்ளி பாத்துத்தான் போட்டேன் சித்தப்பா. எங்கியோ தப்பு.”

“புள்ளி பாத்துட்டா ஆச்சா? ரெண்டு பல்லு தள்ளிப் போட்டா இப்பிடித்தான் அடிக்கும். மாட்டையும் வித்துப்புட்ட. தண்ணி எறைக்காதவனுக்கு மொறை எதுக்குடா? கெணத்த எங்கிட்ட வுட்டுட்டுக் கூலிக்குப் போ.”

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் அண்ணி, “கூலிக்குப் போவணும்னா கை வேணுமே, அதையும் அவரே குடுப்பாராமா?” என்றார். அண்ணன் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“தம்பி, நாம இன்னும் மூடியவே தொறக்கல. ரெண்டு பல்லுன்னு அவருக்கு எப்பிடித் தெரியும்?”

உடனே இன்ஜினைத் திறந்தோம். இந்த முறை அண்ணன் புள்ளியை நம்பவில்லை. நான் பிளைவீலை மெல்லச் சுற்றினேன். அண்ணன் இடது கை விரல்களால் இரண்டு வால்வுகளையும் தள்ளித் திறக்கிற புஷ் ராடுகளை மாறி மாறி உருட்டிப் பார்த்தார். வால்வு மூடியிருந்தால் ராடு தளர்வாக உருளும், திறக்கத் தொடங்கினால் இறுகிவிடும். புகை தள்ளுகிற வால்வின் ராடு தளர்ந்து, காற்று இழுக்கிற வால்வின் ராடு இறுகுகிற நேரத்தில் பிஸ்டன் உச்சியில் நிற்க வேண்டும். டீசல் பீய்ச்சுகிற நாசில் துவாரத்தில் கம்பி விட்டுப் பார்த்தால், பிஸ்டன் ஏறிக்கொண்டிருக்கும்போதே அது நடந்து முடிந்திருந்தது. சக்கரத்தைக் கழற்றி ஒரு பல் பின்னால் மாட்டினோம். போதவில்லை. இன்னொரு பல் பின்னால் மாட்டினோம். கம்பி உச்சிக்கு வந்து நின்ற இடத்தில் அண்ணனின் விரலுக்குள் ஒரு ராடு தளர்ந்தது, மற்றது இறுகியது. சித்தப்பா சொன்ன அதே இரண்டு பல்.

அண்ணன் பெரிய சக்கரத்தை மறுபடி கழற்றி வெயிலில் காட்டினார். நாங்கள் நம்பிய புள்ளி புதிதாகப் பளபளத்தது. அதிலிருந்து இரண்டு பல் தள்ளி அரம் இழைத்த கோடுகள் தெரிந்தன. நடுவில் பழைய புள்ளியின் அடிக்குழி மட்டும் மிச்சம் இருந்தது.

அன்று சாயங்காலம் நான் ஹேண்டில் சுற்றினேன், இன்ஜின் ஓடியது. பாதிக் கரும்பு காய்ந்துபோயிருந்தது, பாதி தேறியது. எங்கள் முறை எங்களிடமே நின்றது.

அண்ணன் போலீசுக்குப் போகவில்லை, பஞ்சாயத்தும் கூட்டவில்லை. கிணற்றடியில் சித்தப்பாவிடம் நேராகவே கேட்டார். “நான்தான் பண்ணேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க சித்தப்பா. இத்தோட வுட்டுர்றேன்.”

“போடா, நொண்டிக்கையா” என்றார் சித்தப்பா.

அந்தக் கை கோணலாகவே கூடியது. சோற்றை வாய்க்குக் கொண்டுபோக வராது. இடது கையால் சாப்பிடக் கூச்சப்பட்டு, அதன் பிறகு அண்ணன் எந்தக் கல்யாணப் பந்தியிலும் உட்காரவில்லை. மொய் வைத்துவிட்டு வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிடுவார். அவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்று சொன்ன உறவினர்கள் இதைப் படித்தாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

அண்ணன் சும்மா இருக்கவில்லை. முதலில் இன்ஜினின் புகைக்குழாயைச் சித்தப்பா வீட்டு வாசலைப் பார்க்கத் திருப்பிவிட்டார். “சின்னத்த துணியெல்லாம் கரியாவுதுன்னு அழுவறாங்க” என்று சித்தப்பாவின் மனைவியைப் பற்றி அண்ணி சொன்னபோது, “ஆவட்டும்” என்றார். அந்தப் பொய்ப்புள்ளியை அவர் கடைசி வரை அழிக்கவில்லை. பிறகு ஊர் ஊராக இன்ஜின் வேலைக்குப் போனார். பாப்பாரப்பட்டி முதல் தீர்த்தமலை அடிவாரம் வரை அவர் மாட்டிக் கொடுத்த இன்ஜின்கள் இன்றும் ஓடுகின்றன. பயிர் காய்கிறது என்று யார் வந்து நின்றாலும் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போவார். போன இடமெல்லாம் இந்தக் கதையைச் சொன்னார். கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

எழுபதுகளில் ஒரு கோடையில் சித்தப்பாவின் இன்ஜின் நின்றது. கேம் சக்கரத்தின் பல் உடைந்துவிட்டது. புதுச் சக்கரம் வாங்கி வந்து வைத்துக்கொண்டு, அதை மாட்டித் தரப் பிட்டரைத் தேடினார்கள். ஒருவரும் வரவில்லை. கம்பைநல்லூர் பிட்டர் எங்கள் காதுபடவே சொன்னார். “அந்த வூட்டுக்கா? நாளைக்கு ஏதாச்சும் ஆனா புள்ளிய நீதான் குத்துனேம்பாங்க. நான் வல்லீங்க.”

சித்தப்பாவின் மகன் அண்ணனிடம் வந்து நின்றார்.

“உங்கப்பாவ வரச் சொல்லு. தேரன்னிக்குக் கோயில் வாசல்ல நின்னு, என்ன பண்ணேன்னு சொல்லட்டும். நானே வந்து மாட்டி, டீசலும் ஊத்திக் குடுத்துட்டு வர்றேன்” என்றார் அண்ணன்.

சித்தப்பா வரவில்லை. அவருடைய மஞ்சள் பயிர் முழுவதும் காய்ந்தது. கோடை முடிந்து அவர் கிணற்றடிக்கு வந்தபோது அண்ணன் மரியாதை குறையாமல் கேட்டார். “தண்ணி எறைக்காதவங்களுக்கு மொறை எதுக்குங்க சித்தப்பா?” யார் எதிரிலும் வாய்விட்டுச் சிரிக்காத நான் அன்று சிரித்தேன். இன்று நினைத்தாலும் அந்தச் சிரிப்பு எனக்கு இனிக்கிறது.

சென்ற வருடம் அண்ணனுக்குக் காமாலை முற்றியது. தருமபுரி ஆஸ்பத்திரியில் கைவிரித்த பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். எண்ணெய் பூசி ஜெபிக்கிற நோயில் பூசுதல் கொடுக்கப் பங்குச் சாமியார் வந்தார். சித்தப்பாவும் வந்து வெளியே புளியமரத்தடியில் நின்றார். அவரை மன்னித்துவிடும்படி சாமியார் அண்ணனிடம் கேட்டுக்கொண்டார்.

“உள்ள வரச் சொல்லுங்க சாமி. என்ன பண்ணேன்னு சொல்லட்டும். இப்பவே மன்னிக்கறேன்.”

சாமியார் வெளியே போய்ப் பேசிவிட்டுத் தனியாகத் திரும்பினார். “அவரு ஒண்ணும் பண்ணலேங்கறாருப்பா.”

“அப்ப மன்னிக்கறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்லைங்க சாமி. நீங்க ஜெபத்த ஆரம்பிங்க.”

மறுநாள் விடியும் முன் அண்ணன் போய்விட்டார். அவர் மன்னிக்காமல் போனது பாவம் என்று சிலர் என்னிடம் சொன்னார்கள். மன்னிப்புக்கு அவர் விலை ஒன்றும் கேட்கவில்லை, ஒரு வார்த்தைதான் கேட்டார். இப்போது அதை நான் கேட்கிறேன். அது வரும் வரை எங்கள் கதவு அந்த வீட்டுக்குத் திறக்காது.

அண்ணன் படுத்திருந்த நாட்களில் மாறி மாறிக் கண்விழித்த அண்ணிக்கும் அவருடைய தங்கைகளுக்கும், ஆஸ்பத்திரிக்கு வண்டி கொடுத்தவர்களுக்கும், கல்லறைக்குழி வெட்டியவர்களுக்கும், கோபப்படாமல் ஜெபம் சொன்ன சாமியாருக்கும், என் கிறுக்கலைப் படித்து அச்சுக்கோத்தவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சித்தப்பாவுக்கும் இந்த நினைவு மலர் ஒன்றைக் கொடுத்தனுப்புகிறேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. அவர் வீட்டு மருமகள் எட்டாவது வரை படித்தவர். அந்தப் பிள்ளையை எதிரில் உட்காரவைத்து, முதலிலிருந்து உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்கட்டும்.

எழுதி முடித்த நாள்: 1979, பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை.