திருப்பாத பக்கம்

கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, நாவலில் நேற்று விட்ட இடத்தை விரலால் தேடுகிறார். "எங்கடி விட்டேன்?" என்று கேட்டால் தையல் இயந்திரங்களுக்குப் பின்னாலிருந்து ஆளுக்கொரு பதில் வரும். "பாலத்த ஒடச்சாங்களே, அங்க!" "இல்லக்கா, அவ அழுதுட்டு நிக்கறா!" இரண்டும் ஒரே பக்கம்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்கிறார்.

பள்ளிக்கூடச் சட்டை தைக்கும் இந்தக் கூடத்தில் அவருக்குப் பெயர் வாசிப்பக்கா. காலர் தைக்க வந்தவர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் நாவல் படிப்பார். அந்த நேரத்துக்கான அவருடைய காலர்களை மற்றவர்கள் பங்கு போட்டுத் தைத்துவிடுவார்கள். முதலாளி கண்டுகொள்வதில்லை. கதை ஓடும்போது ஒருத்திக்கும் தூக்கம் வராது என்பது அவருக்கும் தெரியும். இயந்திரங்களைப் பழுது பார்க்கப் போகும் நான், அந்த ஒரு மணி நேரம் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்வேன்.

காதலும் போரும் சேர்ந்த கதைதான் அவர்களுக்கு வேண்டும். குண்டு விழும் இடங்களை வாசிப்பக்கா நிறுத்தி நிதானமாகப் படிப்பார். முத்தம் வந்தால் மட்டும் ரயிலைப் பிடிக்கிறவர் மாதிரி ஓடிவிடுவார். "அக்கா, மெதுவா!" என்று கத்துவார்கள். "எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்ச சங்கதிதான், தைங்கடி" என்பார். இஸ்திரி போடும் அம்மாவுக்குக் கதாநாயகிகள் யாரையும் பிடிக்காது. "சண்டைக்குப் போறவனுக்குக் காதல் ஒரு கேடா?" என்பார். "போகாம வீட்ல இருக்கறவனுக்கு மட்டும் என்ன வாழுதாம்?" என்று ஒரு குரல் வரும். அந்த அம்மாவின் கணவர் வீட்டில் இருக்கிறவர். சிரிப்பு அடங்க நேரமாகும்.

பொத்தான் துளை போடும் பெண் மட்டும் எதுவும் சொல்லமாட்டாள். அவள் கணவன் ராணுவத்தில், எல்லையில் இருக்கிறான். போன நாவல் தொடங்கியபோது அவனிடமிருந்து வந்துகொண்டிருந்த ஃபோன், கதை பாதி வருவதற்குள் நின்றுவிட்டது. ராணுவ அலுவலகத்தில் போய்க் கேட்டால் "தகவல் வந்தா சொல்றோம்" என்கிறார்களாம்.

ஒரு நாள் அந்த நாவலின் கதாநாயகனான சிப்பாய் ஆற்றில் இறங்கினான். வாசிப்பக்காவின் குரல் திடீரென்று தங்குதடையில்லாமல் ஓடியது. சிப்பாய் நீந்திக் கரையேறினான், குளிர்காய்ந்தான், லீவு வாங்கினான், அவளைப் பார்க்க ரயில் ஏறினான். எனக்கே நெஞ்சு லேசானது. அப்போது பொத்தான் துளை இயந்திரம் நின்றது.

"அக்கா, நீங்க இன்னும் பக்கத்தத் திருப்பவே இல்லையே."

வாசிப்பக்கா மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார்.

"ஆத்துல செத்துட்டானா?"

"உனக்கு எதுக்குடி இப்ப அது..."

"வீட்ல மாமியார் ஒண்ணு சொல்றாங்க, எங்கண்ணன் ஒண்ணு சொல்றான். நான் உள்ள வந்தா பேச்சே நின்னுடுது. நீங்களும் மறைச்சா நான் யார்கிட்டக்கா நெஜத்தக் கேக்கறது? இருக்கறதப் படிங்க."

வாசிப்பக்கா பக்கத்தைத் திருப்பினார். படித்தார். சிப்பாய் அக்கரை சேரவில்லை. எந்த இயந்திரமும் ஓடவில்லை; இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அந்த அம்மாவும் நின்றிருந்தார். எண்ணெய்க் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டே அதைத் தேடிக்கொண்டிருந்தேன் நான்.

"அவகிட்ட யாரு போய்ச் சொன்னது?" என்று கேட்டாள் பொத்தான் துளை போடும் பெண்.

"கூட இருந்த சிநேகிதன்."

"முழுசாச் சொன்னானா?"

"சொல்லிட்டான்."

"நல்லவன்" என்றாள். துணியை இழுத்துவிட்டு மறுபடி துளை போட ஆரம்பித்தாள்.

அவள் கணவனைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. கூடத்தில் இப்போது வேறொரு நாவல் ஓடுகிறது. அதிலும் போர் இருக்கிறது, அவளே கேட்டது. வாசிப்பக்கா முன்பெல்லாம் புத்தகத்தை மடியில் வைத்துத்தான் படிப்பார். இப்போது ஒரு பக்கம் முடிந்ததும் புத்தகத்தைத் தலைக்கு மேலே தூக்கி, பொத்தான் துளை இயந்திரம் இருக்கும் மூலைக்குக் காட்டி, தாளைத் திருப்புகிறார். அவள் நிமிர்ந்து பார்த்த பிறகே அடுத்த வரியைத் தொடங்குகிறார்.