கடைசி சீட்டில் தங்கச்சி

அண்ணன் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். தங்கச்சியை வீட்டில் தனியாக விட்டுவர அவனுக்கு மனசு வராது. காலையில் கையோடு கூட்டிவந்து, தன் வண்டியின் கடைசி சீட்டில் ஜன்னலோரமாக உட்கார வைத்துவிடுவான்.

அவளுக்கு இருபத்திரண்டு வயது. அழகு நிலையத்தில் முடி வெட்டிக்கொண்டிருந்தவள். கை அவ்வளவு சுத்தம். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டபோது வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். வலி போனது, மாத்திரை போகவில்லை. போட்டால் உடம்பு பஞ்சாகிவிடும். யார் திட்டினாலும் பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி எங்கோ கேட்கும். கத்தரி நடுங்கி ஒரு பெண்ணின் காதைக் கிழித்த அன்றோடு வேலையும் போயிற்று.

வண்டி ஆடி ஆடிப் போகும். கண்ணாடிக்கு வெளியே துணிக்கடைப் பொம்மைகளும் ஈரக் குடைகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஒன்றோடொன்று கரைந்து மிதப்பார்கள். இறங்கிப் போனவர்களே திரும்பத் திரும்ப ஏறுவது போலிருக்கும் அவளுக்கு. எலும்புக்குள் மட்டும் ஏதோ குடைந்துகொண்டே இருக்கும்.

நடத்துனருக்கு வாய் சும்மா இருக்காது. "என்னம்மா, வண்டிய வெலைக்கு வாங்கிட்டியா? எறங்கவே மாட்டேங்கற?"

"ஆமா, உங்களையும் சேத்துத்தான்."

மழை பிசுபிசுத்த ஒரு மத்தியானம், மார்க்கெட் நிறுத்தத்தில் அவள் சட்டென்று இறங்கிவிட்டாள். மாத்திரை விற்கிறவன் நிற்கிற இடம் அது. அண்ணன் கண்ணாடியில் பார்த்தான். வண்டி நிறைய ஆட்கள்.

"என்னப்பா, தூங்கிட்டியா? எடு வண்டிய!" என்று யாரோ கத்தினார்கள். எடுத்தான்.

திரும்பி வரும்போது எதிர்ப்பக்க நிறுத்தத்தில் தொப்பலாக நனைந்து நின்றிருந்தாள். ஏறியவள் நேராக அவனுக்குப் பின்னால் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, போட்டுட்டேன்."

எத்தனை தடவை கேட்டும் இல்லவே இல்லை என்று சாதித்தவள். அவன் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மிச்சம் இருக்கா?"

"இருக்கு."

சிக்னலில் நின்றதும் கையைப் பின்னால் நீட்டினான். கொடுத்துவிட்டாள்.

"நாளைக்கு லீவு போடறேன். ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"திட்டிடேண்ணா."

"ஓட்டறப்ப டிரைவர்கிட்ட பேசக் கூடாது. போர்டு பாக்கல?"

மறுநாள் போனார்கள். மாற்று மருந்து கொடுத்தார்கள். அதற்கப்புறமும் அவள் சறுக்கினாள். சறுக்கியபோதெல்லாம் தானே வந்து சொன்னாள்.

இப்போது வேறொரு அழகு நிலையத்தில் வருகிறவர்களுக்குத் தலை அலசிவிடுகிறாள். வெதுவெதுப்பான தண்ணீரில் யாரோ ஒருத்தியின் தலை உள்ளங்கையில் கனக்கும்போது, அந்தப் பழைய மிதப்பு மெல்ல எட்டிப் பார்க்கும். அவள் கண்ணை மூடாமல், நுரை முழுக்கப் போகிறவரை அலசிக்கொண்டே இருப்பாள்.