மணல்திட்டில் நிறுத்தப்பட்ட தம்பி

கொள்ளைநோய் வந்த ஆண்டு, எங்கள் ஓடை உக்கயாலி ஆற்றில் சேரும் இடத்தில் பெரிய மரமொன்றை வெட்டிக் குறுக்கே போட்டோம். வெளியாள் யாரும் உள்ளே வரக்கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. காவலுக்கு எல்வீரா சினுயிரியை வைத்தோம். ஊருக்கு மருந்து கொடுப்பவள் அவள்தான். ஆனால் காய்ச்சல் மாத்திரை எப்போதோ தீர்ந்திருந்தது.

ஒன்பதாம் நாள் நகரத்திலிருந்து வந்த படகில் அவளுடைய தம்பி நெல்வின் இருந்தான். கூடவே மனைவியும் கைக்குழந்தையும்.

"அக்கா, மரத்தை நகத்து. புள்ளைக்குப் பசி."

"கிட்ட வராதடா. எதுத்தாப்புல மணல்திட்டுல பதினஞ்சு நாள் இரு. மீனும் வாழக்காயும் நான் கொண்டாறேன்."

"என்னையேவா சொல்ற?"

"உன்னையேதான்."

நெல்வினின் மனைவி தண்ணீரில் துப்பினாள். "நாத்தனார்னா இப்படில்ல வாய்க்கணும்!"

எல்வீரா தினமும் உணவைக் கரையில் வைத்துவிட்டு விலகி நிற்பாள். தம்பி முகம் கொடுக்க மாட்டான். வீட்டில் புருஷன் தியோஃபிலோவும் விடவில்லை.

"கூடப் பொறந்தவன மணல்ல போட்டுட்டு எப்படித்தான் தூங்குறியோ."

"தூங்குறேன்னு யார் சொன்னா?"

இதற்கிடையே, உப்பும் பெட்ரோலும் வாங்க நகரத்துக்குப் போன எங்கள் ஊர்க்காரர் இருவர் காட்டுவழியாகத் திருட்டுத்தனமாய் வீடு திரும்பினார்கள். ஒரே வாரத்தில் ஊரே இருமியது. மணல்திட்டில் இருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை.

எல்வீரா மாத்திகோ இலையைக் கொதிக்கவைத்து, போர்வைக்குள் ஆவி பிடிக்கவைத்தபடி வீடு வீடாகப் போனாள். என் வீட்டுக்கும் வந்தாள். நடக்கும்போதே அவள் கண்கள் மூடிக்கொண்டன. அவள் வேறொரு வீட்டில் இருந்தபோது தியோஃபிலோ இறந்துபோனார். அடக்கம் முடிந்த மறுநாள் அவளும் விழுந்தாள்.

இரண்டு நாள் உணவு வராததைப் பார்த்த நெல்வின் படகைத் திருப்பிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. ஓடைவாயில் கிடந்த மரத்தைத் தாண்டி, நேரே அக்கா வீட்டுக்குப் போய் அடுப்பில் பானையை ஏற்றினான்.

"வராதேன்னு சொன்னேன்ல," என்று முனகினாள் எல்வீரா.

"நீ சொன்ன பதினஞ்சு நாள் நேத்தே முடிஞ்சுபோச்சு. வாய மூடிக்கிட்டு ஆவி பிடி."

ஊரில் ஏழு பேரைப் புதைத்தோம். எல்வீரா பிழைத்தாள். நெல்வின் இங்கேயே வீடு கட்டிக்கொண்டான். அவன் மனைவி இன்றும் எல்வீராவிடம் அதிகம் பேசுவதில்லை. மீன் மட்டும் கொடுத்தனுப்புவாள். எல்வீரா ஆற்றங்கரை மேட்டில் ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள். யாராவது கைகொடுத்தால், "இருங்க, கொஞ்சம் மூச்சு விட்டுக்கிறேன்" என்கிறாள்.