மாமல்லபுரத்தில் மனு போட்ட ஒரே கடை

போன வெள்ளிக்கிழமை விடுப்பெடுத்து மாமல்லபுரம் போனேன். வீட்டில் சிற்பம் பார்க்க என்று சொன்னேன். உண்மையில் எஸ்தர் அக்காவின் தள்ளுவண்டி இட்லிக்காகப் போனேன், அவருக்குக் கடை உரிமம் வந்துவிட்டதா என்று பார்க்கவும்தான். ஆறு மாதம் முன்பு அந்த மனுவை எழுதிக் கொடுத்தவனே நான். "முறைப்படி இருந்தா யாருக்கும் பயப்பட வேணாம்க்கா" என்று பிரசங்கம் வேறு செய்திருந்தேன்.

தாம்பரத்தில் காலை 6.40 மின்சார ரயில், செங்கல்பட்டுக்குப் பத்து ரூபாய். மறைமலைநகர் தாண்டினால் உட்கார இடம் கிடைக்கும். செங்கல்பட்டிலிருந்து 7.50க்குத் திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்து. ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நடத்துநரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள்.

கடற்கரைக் கோயில் சாலைக்குப் போனால், ஆக்கிரமிப்பு அகற்ற வந்தவர்கள் அக்காவின் வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். இட்லிக் குண்டான் தரையில் கிடந்தது, சட்னி சாலையில் ஓடியது. மனு கொடுத்ததற்கான ரசீதை நீட்டியபடியே அக்கா நின்றார். வழக்கமாக நிற்கும் மற்ற ஐந்து வண்டிகளைக் காணோம்.

"தலப்பாடா அடிச்சிகினேன் அண்ணாத்த," என்றார் தன் வண்டியைச் சந்தில் ஒளித்துவிட்டு வந்த பக்கத்து பஜ்ஜிக் கடைக்காரர். "லாரி வந்துகினு கீது, சந்துக்குள்ள தள்ளுக்கான்னேன். எங்கிட்ட ரசீது கீது, நான் இன்னாத்துக்கு ஓடணும்னு நின்னுடுச்சி."

கையில் பட்டியலோடு நின்ற அலுவலரிடம் கேட்டேன். "இவங்க மனு பரிசீலனையில இருக்கு சார். முடிவு வர்ற வரைக்கும் கடை போடக் கூடாது."

"அப்போ மத்தவங்க?"

"அவங்க மனுவே போடலையே. பட்டியல்ல பேரே இல்லாதவங்களை நான் எங்க போய்த் தேடுறது?"

அடப்பாவிகளா! சொல்லும்போது அவர் முகத்தில் துளி வெட்கம்கூட இல்லை. கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்துப் பெண், சொந்தக் கையால் ஒரு தொழில் வைத்தார். மானியம் கேட்டாரா? இலவசம் கேட்டாரா? "வரி எவ்ளோன்னு சொல்லு, கட்டிட்டுப் போறேன்" என்றுதானே கேட்டார்! ஏழைகளைக் கைதூக்கிவிடுகிறோம் என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். முதலில் அவர்கள் கழுத்திலிருந்து காலை எடுங்கள். மனு கொடுத்து முப்பது நாளில் பதில் இல்லையென்றால் அனுமதி கிடைத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளட்டும். தாமதத்துக்குத் தண்டனை தாமதித்தவருக்குப் போகட்டும். சட்டத்தை மதிக்கிறவரை மட்டும் பிடிக்கிற சட்டத்தை யாரய்யா மதிப்பான்?

லாரி போனதும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். "மேல ஒரு மனு போடலாம்க்கா. இப்பவே எழுதறேன்."

அவர் கோபப்படவில்லை. அதுதான் தாங்கவில்லை. "வேணாம் தம்பி. நீ எழுதிக் குடுத்ததுலதான் எம்பேரு அவங்களுக்குத் தெரிஞ்சுது," என்றார். தரையில் சிந்தாத நான்கு இட்லியை இலையில் வைத்து என்னிடம் கொடுத்தார். வாயில் வைக்கக் கூசியது.

போகிறவர்களுக்கு: கடற்கரைக் கோயில் காலையிலேயே திறந்துவிடும். நுழைவுச் சீட்டு நாற்பது ரூபாய், ஐந்து ரதத்துக்கும் அதுவே செல்லும், பத்திரமாக வையுங்கள். பத்து மணிக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும், தொப்பி அவசியம்.

அக்கா திரும்பவும் கடை போட்டிருக்கிறார், வேறொரு இடத்தில், ஒரு முக்காலியின்மேல். லாரி வந்தால் அவரும் ஓடுவாராம். எந்த இடம் என்று கேட்காதீர்கள். அவரைப் பற்றி நான் ஒருமுறை எழுதிக் கொடுத்தது போதும்.