லூர்து அண்ணனின் கஃபீல்

போன வாரம் அல் ஐனில் முடி வெட்டிக்கொண்டிருந்தேன். சலூன் டிவியில், ஒரு பிரெஞ்சு அம்மையார் அரசியலிலிருந்து ஓய்வு பெறுகிறார் என்று செய்தி ஓடியது. முன்னாள் மந்திரி, பிறகு ஐரோப்பிய ஆணையர். தலை முழுக்க நரைத்துவிட்டது. “அட, நம்ம அம்மா!” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மலையாளி பார்பரின் கத்தரிக்கோல் நின்றுவிட்டது.

அவருக்கு எங்கிருந்து விளக்குவது? ஷேவிங் லோஷன் வாசனை அதற்குள் என்னை நான் முன்பு வேலை பார்த்த ருவைஸ் லேபர் கேம்ப்புக்கு இழுத்துப் போய்விட்டது. எங்கள் ரூமில் காரைக்கால் லூர்து அண்ணன் கடிதம் எழுதும் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அந்த லோஷனைப் போடுவார். மந்திரிக்குத் தாடியோடு எழுதக் கூடாதாம்.

அண்ணனின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அம்மாவும் மூத்த சகோதரரும் பிரெஞ்சுக் குடிமக்களாகிப் பாரிஸ் பக்கம் போய்விட்டார்கள். இவர் பிறப்பை மட்டும் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்ற மறந்திருந்தார்கள். அம்மா படுக்கையில் விழுந்ததும் அண்ணன் விசா கேட்டார். போனால் திரும்ப மாட்டார் என்று இரண்டு முறை மறுத்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அம்மையார் துணை மந்திரியாக எங்கள் பிளான்ட்டைப் பார்க்க வந்தார். ஹெல்மெட் வரிசையிலிருந்து பிரெஞ்சில் வணக்கம் வந்ததும் நின்றுவிட்டார். அண்ணன் மூச்சுவிடாமல் தன் கதையைச் சொன்னார். “எனக்கு எழுதுங்கள்” என்று அம்மையார் கைகுலுக்கிவிட்டுப் போனார். பெரிய பதவிக்காரர்கள் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்கள் என்பது இப்போது எனக்குத் தெரியும். அன்றோ, அண்ணனுக்குப் பிரான்சில் கஃபீல் கிடைத்துவிட்டார் என்று ரூமே முடிவு கட்டியது. இங்கே எங்களுக்கு வரவும் இருக்கவும் போகவும் பொறுப்பேற்ற முதலாளியான கஃபீலின் கையெழுத்துதான் வேண்டும். அங்கே மட்டும் வேறு மாதிரியா இருக்கும்?

கடிதம் கிடைத்தது, உரிய துறைக்கு அனுப்பினோம் என்று அச்சடித்த பதில் வந்தது. பிறகு அதே துறைக்கே அவர் மந்திரியானார். பிரியாணி போட்டோம். அது செரிப்பதற்குள் ஆட்சி கவிழ்ந்தது. அடுத்து பிரஸ்ஸல்ஸில் ஆணையர்.

“ஐரோப்பா பிரான்சுக்கும் மேலதானே? ஹெட் ஆபீஸ்ல போய் உக்காந்துட்டாஹ,” என்றார் மேல் கட்டில் கீழக்கரை இப்ராகிம் பாய். “இனி ஒரு போன் போதும்.”

பிரஸ்ஸல்ஸிலிருந்தும் அச்சடித்த பதில்: குடியுரிமை அந்தந்த நாட்டின் விஷயம், எங்களுக்கு அதிகாரம் இல்லை.

“மேல போகப் போக அதிகாரம் கொறையுமா பாய்?” என்று அண்ணன் கேட்டார். பாய் விளக்கை அணைத்துவிட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் அண்ணனின் அம்மா போய்விட்டார். அடக்கத்தை அண்ணன் போனில் பார்த்தார், டூட்டி உடுப்போடு. அந்த அம்மையார்மேல் அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை. அண்ணனோ மறு வெள்ளிக்கிழமை சவரம் செய்துகொண்டு உட்கார்ந்தார்.

“அம்மா போயிட்டாங்க, இனிமே சிரமப்பட வேணாம்னு எழுதுறேன். புதுப் பதவிக்கு வாழ்த்தும் சொல்லல, அதையும் சேத்துட்டேன்.”

ஒரு மாதத்தில் பதில் வந்தது. வாழ்த்துக்கு மிக்க நன்றி. அவ்வளவுதான், அம்மாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆனால் கீழே நீல மையில் கையெழுத்து.

சர்டிபிகேட்டில் கையெழுத்து அசலா, அச்சா என்று விரலை ஈரமாக்கித் தேய்த்துப் பார்ப்பது எங்கள் கேம்ப் வழக்கம். நான் தேய்த்தேன். பெயர் முழுக்க நீலமாகக் கரைந்தது.

“அசல்தான் அண்ணே,” என்றேன். அவர் வாங்கிப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

அந்தக் கேம்ப்பை இடித்துவிட்டார்கள். பாய் ஊரோடு போய்விட்டார், அண்ணனின் நம்பரும் மாறிவிட்டது. அத்தனை வெள்ளிக்கிழமைகளுக்கும் சேர்த்து அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு கையெழுத்து. அதை அழித்தவன் நான்.